மண்டபம் கேம்ப்பில் எத்தனை நாள்?

ராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன் ‘மண்டபம் கேம்ப்’ என்றொரு நிலையம் வரும். அது எந்த கேம்ப்? நூறாண்டுகளுக்கு முன் இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய குவாரண்டைன் முகாம்.

குவாரண்டைன் இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இத்தாலியர்களுக்கு ‘குவாரன்தா’ என்றால் நாற்பது. 1347-இல் கப்பலேறி வந்த பிளேக் ஐரோப்பாவைச் சூறையாடியது. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுகம் 1377-இல் ஒரு சட்டம் போட்டது: நோய் கண்ட ஊரிலிருந்து வருபவர் ஒரு மாதம் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் வரலாம். பிற்பாடு மாதம் நாற்பது நாளாக நீண்டது. வெனிஸ் மக்கள் அதைக் ‘குவாரன்தேனா’ என்றார்கள்.

ஏன் நாற்பது? கிருமியைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. இயேசு நோன்பிருந்த நாற்பது நாளும் தவக்காலமும் மனத்தில் இருந்திருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். 1880-களில் காலரா கிருமியை ராபர்ட் காக் இனங்கண்டார். 1894-இல் பிளேக் கிருமியை யெர்சின் கண்டார். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படும்வரை உள்ள இடைவெளி, அதாவது நோயரும்பு காலம், பிடிபட்டது. காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள். பிளேக்குக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். பெரியம்மைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். எத்தனை நாள் என்பதை இனி நோயே சொன்னது.

1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள், ஆள் சேர்க்கும் கங்காணியோடு இவ்வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. மண்டபத்தில் அவர்களை இறக்கி, துணிமணிகளைக் கிருமிநீக்கி, அம்மைப்பால் குத்தி, காய்ச்சலோ பேதியோ காண்கிறதா என்று சில நாள் பார்த்தே அனுப்பினார்கள். தொழிலாளி கையில் ஒரு தகர வில்லை இருக்கும். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் எண் பொறித்திருக்கும்.

காத்திருப்பு உயிர்களைக் காத்தது, சந்தேகமில்லை. ஆனால் யாரை நிறுத்துவது என்பதைக் கிருமி முடிவு செய்யவில்லை. முகாமில் அடைபட்டவர்கள் பெரும்பாலும் தோட்டக் கூலிகள்தாம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் தாயகம் திரும்பியதும் இதே மண்டபம் வழியாகத்தான். 1983-க்குப் பின் ஈழத்து அகதிகளும் இங்கே வந்து சேர்ந்தார்கள். இலங்கையின் தேயிலை வளத்துக்கு உழைத்தவர்களில் பலர் இந்த வாசலைக் கடந்துதான் போனார்கள் என்பதை நிலையத்திலேயே எழுதி வைக்க வேண்டும்; பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டும்.