கப்பலில் வந்து சேதுவில் நீராட

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் சென்னை வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். திரும்பிப் போகவும் அதே மூன்று நாள். விமானமென்றால் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். ஆனால் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி எல்லோருமாகக் குடும்பத்தோடு கிளம்பும்போது டிக்கெட் செலவு கையைக் கடிக்கும். அந்தமான் தமிழர்கள் ‘மெயின்லேண்ட்’ என்று சொல்லும் இந்தக் கரைக்கு வரும்போது கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, நிலப் பத்திரம் எனப் பல வேலைகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றின் நடுவே ராமேஸ்வரத்துக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று நாள். சரியாகத் திட்டமிட்டால் அதுவே தாராளம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். தீவில் அவர்களுக்குக் கோயில் இல்லாமல் இல்லை. 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. 1926இல் ராஸ் தீவில் தமிழர்கள் சிறிய முருகன் சிலையை வைத்துக் கும்பிட்டதில் தொடங்கியது அது என்கிறது கோயில் வரலாறு. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கிறார்கள். பெற்றோருக்குத் திதி கொடுக்க, பிள்ளை வரம் வேண்ட, நேர்ந்துகொண்டதை முடிக்க மட்டும் மனம் சேதுக்கரைப் பக்கம் போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தை அல்ல, கடலை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். பொங்கல் கழிந்து மார்ச் வரையிலான நாட்களே குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு ஏற்றவை. தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் விசேஷம்தான், ஆனால் கூட்டம் நெருக்கித் தள்ளும். தீர்த்தக் கரையில் சிராத்தம் செய்ய அமாவாசைதான் வேண்டும் என்பதில்லை. போய்ச் சேர்ந்த நாளே போதும் என்பது மரபு. எழுபது வயது அம்மாவைக் கூட்டிவரும் மகன் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்தது ரயில். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கப்பல் தேதியோ கடைசி நேரத்திலும் தள்ளிப்போகக்கூடியது. ஆகவே கப்பல் வந்து சேரும் அன்றே இரவு ரயிலுக்குப் பதிவு செய்வதைத் தவிர்த்து, ஒரு நாள் இடைவெளி விடலாம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலில் ஏறினால் விடிகாலையில் ராமநாதபுரம் வரும். அங்கேயே இறங்கிவிட வேண்டும். நேரே ராமேஸ்வரம் போய்விட்டுப் பிறகு மற்ற இடங்களைத் தேடி வருவது, வந்த வழியையே மறுபடி அளப்பது.

சேது யாத்திரைக்குப் பெரியவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, ராமேஸ்வரம். பாலம் கட்டப் புறப்பட்ட ராமன் வழிபட்ட வரிசை என்பது நம்பிக்கை. இன்றைய சாலை வரைபடத்தை வைத்துப் பார்த்தாலும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய் உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுத் திரும்பும் வழியில் தேவிபட்டினம். அங்கே நவக்கிரகங்கள் கடலுக்குள் ஒன்பது கற்களாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றிவர நடைமேடை கட்டியிருக்கிறார்கள். அடியில் வழுக்கும், முதியவர்கள் கைபிடித்தே இறங்க வேண்டும்.

மதியம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ராமநாதபுரம். மாலையில் பத்து கிலோமீட்டர் தெற்கே திருப்புல்லாணி. 108 திவ்யதேசங்களில் ஒன்றான இங்கே ஆதிஜெகந்நாதப் பெருமாளோடு, தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் ராமனும் இருக்கிறார். பிள்ளை வரம் வேண்டுவோர் பாயசப் பிரசாதம் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கோயிலை அவசரமாகப் பார்க்கவே கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே சேதுக்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, இரவு ராமேஸ்வரத்தில் தங்கலாம்.

இரண்டாம் நாள் முழுவதும் ராமநாதசுவாமிக்கு. விடிகாலை ஐந்து மணி வாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம். அதை முடித்துவிட்டு அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் வரை வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஈரத் துணியோடு சன்னதிக்குப் போக முடியாது. மாற்றுத் துணி கையில் இருக்க வேண்டும். நனைந்த கல் தரையில் நடக்க முடியாதவர்கள் எல்லாக் கிணற்றுக்கும் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தில் நிழலாக உட்கார்ந்திருக்கலாம், அதுவும் யாத்திரைதான்.

நிகோபாரின் கச்சால் தீவிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பாதை வேறொன்றையும் நினைவூட்டும். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்களை அரசு கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது. தாயகம் திரும்பியவர்களில் ஏராளமானோர் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகத்தான் நாட்டுக்குள் சிதறினார்கள். தாத்தா இறங்கிய கரை எது என்று பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் இந்த ஊரை அழித்த புயல் தெற்கு அந்தமான் கடலில் உருவானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சொந்தங்களை இழந்த தீவுக் குடும்பங்கள் இங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் வேடிக்கை பார்ப்பதில்லை. போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில் அந்தப் புயலில் தப்பித்தது. அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை உண்டு. மாலைக்குப் பிறகு வாகனங்களை விடமாட்டார்கள் என்பதால் காலையே வசதி.

திரும்பும்போது ராமேஸ்வரத்திலிருந்தே ரயில் ஏறலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். 1914ஆம் ஆண்டின் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டது இது. பகல் ரயிலாக இருந்தால் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைக்கலாம்.

சென்னையிலும் கப்பலுக்கு முன் ஒரு நாள் கையிருப்பாக வேண்டும். புறப்பாடு தள்ளிப்போனாலும் பதற்றம் இராது. துறைமுகத்துக்கு அருகே தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்லப்படும் கோயில் அது, பாரதியும் வழிபட்டிருக்கிறார். பெட்டிகளை லாட்ஜில் வைத்துவிட்டு மாலையில் ஒரு நடை போய்வரலாம்.