கொழும்பு விமானம் வருகிறது, கோலாலம்பூர் விமானம் ஏன் வரவில்லை?

மதுரையை அடுத்த பரவைக்காரர் ஒருவர் மலேசியாவில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினால், பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது திருச்சிக்கு. அங்கே போக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மதுரை விமான நிலையமோ ஊரைக் கடந்தால் பெருங்குடியில் இருக்கிறது. அங்கே ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் இறங்குகிறது. மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்கள் இறங்குவதில்லை.

ஏன் என்று கேட்டால், பதில் டெல்லியின் ராஜதந்திரத்தில் இருக்கிறது.

வெளிநாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை இரு நாட்டு அரசுகளும் பேசி முடிவு செய்கின்றன. 2003இல் வாஜ்பாய் அரசு மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசியான் நாடுகளுக்கு ஒரு சலுகை அறிவித்தது: 18 சுற்றுலா ஊர்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம். கயா, வாரணாசி, கொச்சி, திருச்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மதுரை இல்லை.

2016 விமானப் போக்குவரத்துக் கொள்கை இன்னொரு கோடு போட்டது. தெற்காசியாவின் சார்க் நாடுகளுடனும், டெல்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுடனும் மட்டுமே பரஸ்பர அடிப்படையில் தாராள அனுமதி. சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் அந்த வட்டத்துக்குள் விழுகின்றன. இந்த நாடுகளின் நிறுவனங்கள் நம் பயணிகளைத் தங்கள் ஊர் வழியாக மற்ற கண்டங்களுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற அச்சமே காரணம். மதுரை எம்.பி. சு. வெங்கடேசனும் விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூரும் குரல் கொடுத்தும், பெருநகரம் அல்லாத புதிய ஊர்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திறப்பதில்லை என்பதே மத்திய அரசின் நிலைப்பாடு.

கூட்டமைப்புகள் எல்லாவற்றிலும் இந்தியா இப்படித்தான் நடந்துகொள்கிறது. குவாட் அமைப்பில் அமெரிக்காவுடன், பிரிக்ஸிலும் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் சீனா, ரஷ்யாவுடன் என எல்லா மேசையிலும் இடம்பிடிக்கும். சந்தையைத் திறக்கும்போது மட்டும் கணக்குப் பார்க்கும். ஆசியானுடனான சரக்கு வணிக ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதைவிடப் பெரிய பிராந்திய வணிக ஒப்பந்தமான ஆர்செப்பின் பேச்சுவார்த்தையிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகியது. சீனப் பொருட்களும் நியூசிலாந்து பால் பொருட்களும் வந்து குவியும் என்ற கவலை அப்போது இருந்தது.

முரண் இதுதான்: சார்க் உச்சி மாநாடு 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு நடக்கவே இல்லை. அதன் இடத்தில் டெல்லி வளர்க்கும், வங்கக் கடல் நாடுகளின் அமைப்பான பிம்ஸ்டெக், 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடியது. ஆனாலும் 2016 கொள்கையின் தாராள அனுமதி சார்க் நாடுகளுக்கு. ‘கிழக்கில் செயல்படு’ கொள்கையின் நடுநாயகமான ஆசியானுக்கு இல்லை.

இதில் நட்டப்படுவது பயணி மட்டுமல்ல. புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை விடியலில் மொட்டாகப் பறித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு.

உள்நாட்டு நிறுவனங்களைக் காப்பது சரி. அந்த நிறுவனங்கள் பறக்க முன்வராத தடங்களையாவது ஆசியான் விமானங்களுக்குத் திறந்துவிடுவதுதான் நியாயம்.