அரங்கேறும் முன்பே தொடங்கும் கடன்

பாட்டு, ஆட்டம், நடிப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்ள வரும் இளையோரின் உழைப்பு, அவர்கள் ஒரு காசும் ஈட்டுவதற்கு முன்பே வேறொருவரின் பேரேட்டில் கடனாக எழுதப்பட்டுவிடுமானால், பின்னாளில் அவர்களுக்கு நேரும் அடிக்கும் மிரட்டலுக்கும் சம்பள மறுப்புக்கும் அந்த முதல் கணக்கே வேராகிறது. தென்கொரியாவின் பாட்டுக் குழுக்களைப் பற்றி இன்று வெளிவரும் வழக்குச் செய்திகள் இந்த உண்மையைத்தான் காட்டுகின்றன. அவற்றை எங்கோ தொலைவில் நடக்கும் விந்தையாகப் படிக்கும் தமிழ் வாசகர், இதே முறை தமிழ்நாட்டு நாடக மேடையில் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே முழு உருவம் பெற்றிருந்ததையும், அதன் எச்சங்கள் இன்றும் கூத்து மேடையைச் சுற்றி நிற்பதையும் அறிவது பயனுடையது.

கொரியாவில் நடப்பது என்ன

கொரியப் பாட்டுத் துறையில் ‘ஏஜென்சி’ எனப்படுவது வெறும் இடைத்தரகர் அன்று. பதின்ம வயதுச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பாட்டும் நடனமும் பயிற்றி, தங்க இடம் தந்து, குழுவாகச் சேர்த்து, மேடையேற்றி, அவர்களின் பாடல், படம், பெயர் அனைத்தையும் விற்கும் நிறுவனம் அது. பயிற்சி, உணவு, உறைவிடம், ஒப்பனை ஆகியவற்றுக்கு ஆன செலவை நிறுவனம் முதலில் ஏற்றுக்கொண்டு, குழு சம்பாதிக்கத் தொடங்கியதும் அதைக் கழித்துக்கொள்கிறது. செலவு முழுதும் திரும்பிய பிறகே பல குழுக்களில் கலைஞருக்குப் பங்கு கிடைக்கிறது. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்பதை நிறுவனமே எழுதி நிறுவனமே வைத்துக்கொள்ளும்போது, கடன் எந்த நாளில் தீர்ந்தது என்பதைக் கலைஞர் அறிய வழியில்லாமல் போகிறது.

2009ஆம் ஆண்டு ‘டாங் பாங் ஷின் கி’ என்னும் புகழ்பெற்ற குழுவின் ஐவரில் மூவர், தங்களைக் கட்டியிருந்த 13 ஆண்டு ஒப்பந்தம் அநியாயமானது என்று எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டில் கொரிய நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டது. ஏழாண்டு என்ற வரம்பு அதன் வழியாகவே அத்துறையில் நிலைபெற்றது. அதே 2009இல் இளம் நடிகை ஜாங் ஜா யோன், செல்வாக்குள்ள ஆண்களை மகிழ்விக்குமாறு தாம் வற்புறுத்தப்பட்டதாக எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டது அந்நாட்டையே உலுக்கியது. 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, 15 வயது நிறையாத கலைஞரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 35 மணிக்குள் அடக்கியது. ஆனால் சட்டம் வந்த பிறகும் 2018இல் ‘தி ஈஸ்ட்லைட்’ என்னும் சிறுவர் குழுவைச் சேர்ந்த சகோதரர் இருவர், தயாரிப்பாளர் ஒருவரால் நான்கு ஆண்டுக் காலம் அடிக்கப்பட்டதாக முறையிட, அவர் தண்டிக்கப்பட்டார். 2004 முதல் பாடிவந்த லீ சுங் கி, தம் பாடல்களின் இணைய வருவாயில் தமக்கு எதுவும் தரப்படவில்லை என்று 2022இல் நிறுவனத்திடம் கணக்குக் கேட்டதும், அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே கணக்குத் தெரியாமல் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

2024இல் ‘நியூஜீன்ஸ்’ குழுவின் ஹனி, தாம் பணியிடத்தில் புறக்கணிக்கப்பட்டதாகக் கொரிய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவர் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்லர் என்பதால் பணியிடத் துன்புறுத்தல் விதி அவருக்குப் பொருந்தாது என்று தொழிலாளர் துறை முடிவு சொல்லிவிட்டது. வேலை வாங்கும்போது ஊழியர், உரிமை கேட்கும்போது கலைஞர் என்னும் இந்த இரட்டை நிலை கொரியாவுக்கு மட்டும் உரியதன்று.

மதுரையிலிருந்து கிளம்பிய பாய்ஸ் கம்பெனிகள்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தமிழ்நாட்டு நாடகத் தொழிலை ஆண்டவை ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் அழைத்த பாலர் நாடகக் குழுக்களே. வயதுவந்த நடிகர்கள் குறித்த நாளில் வருவதில்லை, சொன்ன பேச்சுக்குக் கட்டுப்படுவதில்லை, பாடத்தை மாற்றிப் பேசிவிடுகிறார்கள் என்ற குறை நாடக முதலாளிகளிடமும் ஆசிரியர்களிடமும் இருந்தது. சிறுவர்களைச் சேர்த்தால் விரும்பியபடி பழக்கலாம், ஆண் வேடத்துக்கும் பெண் வேடத்துக்கும் அவர்களையே பயன்படுத்தலாம், ஊதியமும் குறைவு என்னும் எண்ணம் அந்தக் குறையிலிருந்து பிறந்தது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் ஆசிரியராக இருந்தபோது, ஆறு வயதுச் சிறுவனான தி.க. சண்முகமும் அவருடைய அண்ணன்மாரும் அதில் சேர்ந்தனர். இலங்கையில் பிறந்து, தந்தையை இழந்து, தாயுடன் கும்பகோணத்தில் வறுமையில் இருந்த எம்.ஜி. ராமச்சந்திரனும் அவர் அண்ணன் சக்கரபாணியும் 1920களில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குச் சென்றது பசியினால்தான். சிவாஜி கணேசன் சிறுவனாக இருந்தபோது, தான் அநாதை என்று சொல்லியே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் இடம் பிடித்தார்.

அந்தக் குழுக்களில் சிறுவர்கள் தங்கிய இடம் ‘கம்பெனி வீடு’ எனப்பட்டது. விடியலில் எழுப்பிச் சாதகம், பிறகு பாடம், பிறகு ஒத்திகை, இரவு முழுதும் நாடகம், ஓர் ஊரில் வசூல் குறைந்ததும் தட்டுமுட்டுகளைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர் என்று ஆண்டு ஓடும். பெற்றோரோ காப்பாளரோ முதலாளியிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். சம்பளம் என்று எது பேசப்பட்டதோ அது வீட்டுக்குப் போகும், அல்லது போகாமல் நிற்கும். பாடம் தவறினால் பிரம்பு. அதை யாரும் கொடுமையென்று கருதவில்லை, அடித்தால்தான் வித்தை ஏறும் என்பது ஊரறிந்த நம்பிக்கையாக இருந்தது. பையன்கள் இரவோடு இரவாக ஓடிப்போவதும், வேறொரு கம்பெனி ஆள் வைத்து நல்ல குரலுள்ள பையனை இழுத்துக்கொள்வதும், பழைய முதலாளி பின்னாலேயே தேடி வருவதும் அந்த உலகத்தின் வாடிக்கையான நிகழ்ச்சிகள்.

இந்த ஏற்பாட்டின் இரக்கமற்ற முகம் ‘மகரக்கட்டு’ வந்தபோது தெரிந்தது. பதின்ம வயதில் ஆண்பிள்ளைக்குக் குரல் உடைவதை நாடகக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டும் குரலே நடிகனின் முதலாக இருந்த காலம் அது. நேற்றுவரை ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேடம் கட்டிக் கைதட்டல் வாங்கிய பையன் குரல் உடைந்த மாதமே துணை வேடத்துக்கு இறங்கினான். குரல் திரும்பவில்லையென்றால் திரை இழுக்கவும் பெட்டி தூக்கவும் பயன்பட்டான். பள்ளிக்கூடம் பார்க்காமல் பத்தாண்டு கழித்துவிட்ட அவனுக்கு வெளியே வேறு தொழிலும் இல்லை. கம்பெனி வீட்டின் பெருமைக்கு எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் சான்று காட்டுவோர், அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பெயர் தெரியாமல் போன நூற்றுக்கணக்கான பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அந்தக் குழுக்கள் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன, இசையும் தமிழும் கற்றுத் தந்தன, சாதி வேறுபாடுகளை ஓரளவேனும் தளர்த்தின என்பவை மறுக்கக்கூடாத உண்மைகள். கற்றுக்கொடுத்ததற்காக ஒருவன் நன்றி பாராட்டலாம்; அந்த நன்றியையே பிணையாக வைத்து அவன் கூலியையும் வெளியேறும் உரிமையையும் பிடித்துவைப்பதற்கு எந்த ஆசிரியருக்கும் முதலாளிக்கும் உரிமை இல்லை. தி.க. சண்முகமும் அவர் சகோதரர்களும் 1925இல் தங்களுக்கெனச் சொந்தச் சபை தொடங்கியதும், பின்னாளில் அவர்கள் குழு ஒழுங்குக்கும் தரத்துக்கும் பெயர் பெற்றதும், நடிகர்களே நடத்தும் குழு நொடித்துப் போகும் என்ற வாதத்துக்குத் தக்க விடையாகும்.

அரசு அன்று கண் மூடியிருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தைக் கொண்டு மேடையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் அது கண்காணித்தது; தேசபக்திப் பாட்டுக்குத் தடை போட்டது. அந்தப் பாட்டைப் பாடிய சிறுவன் எத்தனை இரவு தூங்கினான் என்று அது கேட்கவில்லை. பிள்ளையின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933இல் ஒரு சட்டம் வந்தது. நியாயமான கூலிக்கு மேல் வேறு பயன் பெறாமலும், ஒரு வார அறிவிப்பில் முறித்துக்கொள்ளக் கூடியதாகவும் உள்ள ஒப்பந்தத்துக்கு மட்டுமே அது விலக்கு அளித்தது. நாடக உலகம் அதற்குப் பிறகும் தன் வழக்கப்படியே நடந்தது.

கனகம்மாசத்திரம் வட்டாரத்துக் கூத்து

அந்த முறையின் எச்சங்கள் இன்றைய கூத்து மேடையைச் சுற்றி எப்படி நிற்கின்றன என்பதை அறிய ஒரு வட்டாரத்தைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே உள்ளது கனகம்மாசத்திரம். 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதி உட்பட, இந்த வட்டாரம் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை நிலம். திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதத் திருவிழாக்களும் நிறைந்த நிலம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம், தீமிதி என்று பத்து நாளுக்கு மேலும் நீளும் அந்த விழாக்களில், இரவு தொடங்கும் ஆட்டம் விடிந்த பிறகே முடிகிறது. கட்டை, கிரீடம், புஜகீர்த்தி என மரத்தாலான அணிகலன்களைத் தோளிலும் தலையிலும் சுமந்து, ஆடியும் பாடியும் வசனம் பேசியும் கழியும் இரவு அது. பொழுது விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு வண்டி ஏறும் கலைஞர் அன்றைய இரவுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை அநேகமாக வாய்ச்சொல்லாகவே தெரிந்துகொள்கிறார்.

கூத்துக் குழுவை ‘ஜமா’ என்பர். ஊர் விழாக் குழுவினர் தாம்பூலத்தோடு முன்பணம் கொடுத்து ஜமாவை ஏற்பாடு செய்கிறார்கள்; ஜமாவின் உரிமையாளர் ஆட்டக் காலம் தொடங்குவதற்கு முன் நடிகருக்கும் மேளக்காரருக்கும் தனித்தனியே அட்வான்ஸ் கொடுத்து அந்த ஆண்டுக்குத் தம்முடன் நிறுத்திக்கொள்கிறார். மழைக்காலத்தில் ஆட்டம் இல்லை, வருமானம் இல்லை. மகள் திருமணமோ மருத்துவச் செலவோ வந்தால் அந்த அட்வான்ஸ்தான் கைகொடுக்கிறது. கொடுப்பவர் நல்லவராக இருந்தால் அது உதவி. கணக்கு எழுதப்படாமல், இந்த ஆண்டுக் கடன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டு, வேறு ஜமாவுக்குப் போனால் மொத்தத்தையும் வைத்துவிட்டுப் போ என்ற நிலை வந்தால் அதுவே தளை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்து தொழிலாளர்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்த அட்வான்ஸின் குணம் விளக்காமலே விளங்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்காக ஒருவர் வேறிடத்தில் வேலை செய்யும் உரிமையை இழப்பதையும் கொத்தடிமையின் அடையாளமாகவே கொள்கிறது. கலை என்பதால் அச்சட்டம் விலகி நிற்கவேண்டியதில்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ‘ஸ்பெஷல் நாடக’த்தில் நிலை சற்று வேறு. அங்கே நிரந்தரக் குழுவோ முதலாளியோ இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஓர் இரவுக்குப் பேசப்படுகிறார்கள். கம்பெனித் தளை அங்கே இல்லை. ஆனால் தேதிகள் ஏஜெண்டின் டைரியில் இருக்கின்றன, அவரைப் பகைத்துக்கொண்டவருக்கு டைரியில் இடம் கிடைப்பது கடினம். வடக்கே வேறொரு முயற்சி நடந்தது. காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் முன்னின்று 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். 2002இல் தொடங்கிய அதன் குருகுலத்தில், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் கற்றனர். பள்ளியை இழக்காமலே கூத்தைக் கற்கமுடியும் என்பதற்கு அது சான்று.

சட்டம் தரும் கைப்பிடி

இந்தியச் சட்டத்தில் கலைஞருக்குக் கைப்பிடி இல்லாமல் இல்லை. 18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டிப்போட முயன்ற நிர்வாக நிறுவனத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2006இல் இப்பிரிவைக் கொண்டே தள்ளியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, படத்திலோ தொலைக்காட்சியிலோ நடிக்கும் குழந்தை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறையாத தொகை குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போடப்படவேண்டும். 2007இல் அமைந்த தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் பதிவு செய்துகொண்ட கலைஞருக்கு உதவித்தொகைகள் வழங்குகிறது.

இவற்றுக்கிடையே உள்ள இடைவெளியில்தான் கலைஞர் விழுகிறார். நல வாரியம் விபத்துக்கும் படிப்புக்கும் உதவுகிறதேயன்றி, ஜமாவுக்கும் நடிகருக்கும் இடையிலான கணக்கைப் பார்ப்பதில்லை. கூலித் தகராறுக்காக நீதிமன்றப் படியேறும் வசதி கூத்துக் கலைஞருக்கு இல்லை. படியேறினால் அடுத்த ஆட்டக் காலத்தில் அழைப்பு வராது என்ற அச்சமும் உண்டு.

செய்யவேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. தமிழிலும் இந்த வட்டாரத்துக்குத் தெலுங்கிலும் ஒரே பக்கத்தில் அமைந்த மாதிரி ஒப்பந்தம் ஒன்றை நல வாரியமே வெளியிடலாம். அதில் ஓர் இரவுக்கான கூலி, கொடுத்த முன்பணம், அது எத்தனை ஆட்டத்தில் கழியும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் ஆகிய நான்கும் இருந்தால் போதும். முன்பணமும் கழிவும் எழுதிய கைச்சீட்டு நடிகரிடமும் ஒன்று இருக்கவேண்டும். மேடையில் ஏறும் சிறுவர்க்கும் படப்பிடிப்புக்கான நேர வரம்பும் வங்கி வைப்பும் தவறாமல் பொருந்தச் செய்யவேண்டும். ஊர் விழாக் குழுவினருக்கும் இதில் பொறுப்பு உண்டு: ஜமாவுக்குத் தாம்பூலம் கொடுக்கும்போதே ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் என்ன போய்ச் சேரும் என்று கேட்பது, அம்மனுக்குச் செய்யும் விழாவை அறத்தோடு செய்வதன் ஒரு பகுதியே.

கொரியா 2009க்குப் பிறகு கற்றதும், பாய்ஸ் கம்பெனிகளின் வரலாறு கற்பிப்பதும் ஒன்றுதான். நல்ல முதலாளி கிடைப்பாரா என்ற நம்பிக்கையை நடிகரின் காப்பாகக் கொள்ளமுடியாது. தன் கணக்கைப் பார்க்கும் உரிமையும், பிடிக்காதபோது வெளியேறும் உரிமையும் எழுத்தில் இருந்தால், முதலாளி எப்படிப்பட்டவராயினும் நடிகர் பிழைத்துக்கொள்வார். அந்த இரண்டும் இல்லாத மேடையில் எவ்வளவு உயர்ந்த கலை நிகழ்ந்தாலும், அதன் விலையை ஆடுபவர் ஒருவரே கட்டுகிறார் என்பதை உணர்ந்து, அதை மாற்றும் கடமையைப் பார்ப்போரும் அரசும் ஏற்கவேண்டும்.