வியர்க்கும் ஜன்னல்

மார்கழியிலோ தையிலோ உதகமண்டலத்து வீடொன்றில் தங்கி, விடியற்காலையில் திரையை விலக்கிப் பார்ப்பவர் முதலில் காண்பது மலையையன்று. கண்ணாடியின் உட்புறமெங்கும் பூத்து, விரலால் கோடு இழுத்தால் அதன் வழியே இறங்கி, கீழ்ச்சட்டத்து மரத்தை ஊறவைத்துக் கரும்பூசணம் பூக்கச் செய்யும் நீரைத்தான். வெளியே கவிந்திருக்கும் மூடுபனியே உள்ளே நுழைந்துவிட்டதென்றெண்ணி, சந்துகளையெல்லாம் துணி வைத்து அடைப்போர் பலர். அந்த வைத்தியம் நோயை வளர்க்கும்.

ஏனெனில் அந்த ஜலம் வீட்டாருடையதே. உறங்குபவர் ஒருவர் சுவாசத்தாலும் தோலாலும் ஓரிரவில் வெளிவிடும் ஈரம் மட்டுமே ஏறத்தாழக் கால் லிட்டர். அதனுடன் உலையின் ஆவியும், வெந்நீர்க் குளியலின் ஆவியும், வெயில் காணாத நாட்களில் அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தும் கம்பளித் துணிகளின் ஈரமும் சேருகின்றன. 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியிலோ 7 கிராம்கூடத் தாங்காது. இரவில் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று, தாங்கமாட்டாத மிச்சத்தை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. புல்நுனித் துளியும் இவ்வாறு பிறப்பதே. பனி ‘பெய்கிறது’ என்று நாம் சொல்லிப் பழகியிருந்தாலும், அது வானிலிருந்து விழுவதன்று, குளிர்ந்த பொருளின்மேல் காற்றிலிருந்து படிவது என்பதை, லண்டன் வைத்தியரான வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கம்பளி மயிர்ச் சுருள்களை இரவில் திறந்தவெளியில் வைத்து, அவை ஏற்ற ஈரத்தை நிறுத்துப் பார்த்து, 1814-இல் நூலாகவே எழுதினார்.

ஆகவே ஜன்னலைத் திறக்கவேண்டும். மூடுபனியை வலிய உள்ளே அழைப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் ஆட்சேபிப்பார்கள். ஆனால் 5 டிகிரிக் குளிரில் பூரணமாக ஈரமேறிய காற்றும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறியவுடன், தான் தாங்கக்கூடியதில் ஐந்தில் இரண்டு பங்கு ஈரமே உடையதாய், நன்கு உலர்ந்த காற்றாக மாறிவிடுகிறது. எதிரெதிர் ஜன்னல்களைக் காலையில் பத்து நிமிஷம் திறந்தால் பழங்காற்று போய்விடும். சுவர்களின் சூடு அதற்குள் போய்விடாது. சமைக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி, அதன் ஜன்னலை மட்டும் திறந்துவைப்பது நலம். அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வதோ, நச்சுவாயுவால் உயிருக்கே ஆபத்து.

செலவுக்கு அஞ்சாதவர்கள் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடலாம். இடையில் அடைபட்ட உலர்காற்று குளிரைத் தடுப்பதால் உட்கண்ணாடி அவ்வளவாகக் குளிர்வதில்லை. அவ்விரண்டுக்கும் நடுவிலேயே மங்கல் படருமானால், எப்பக்கம் துடைத்தும் பிரயோஜனமில்லை. ஓரத்து அடைப்பு விட்டுப்போயிற்று.