அட்டை ஒன்றுக்கு இத்தனை மில்லியனா?

கட்டாரிலிருந்து லீவில் வந்த தங்கச்சியின் மகன் போன வாரம் கடைக்கு வந்தான். "மாமா, கையில் கொஞ்சம் காசு இருக்கு. பொகிமொன் அட்டை வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்டான். பிள்ளைகள் விளையாடும் அட்டைதானே என்று சிரித்துவிட முடியவில்லை. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் அட்டையொன்று 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. விற்றவர் அதை 1991இல் 50,000 டொலருக்கு வாங்கியிருந்தார்.

அந்த அட்டையை டொப்ஸ் கொம்பனி 1952இல் வெளியிட்டது. சீசன் முடியும் நேரம் வந்த தொகுதி என்பதால் சரக்கு தேங்கிவிட்டது. இலவசமாகக் கொடுத்தும் எடுக்க ஆளில்லாமல், 1960இல் மிஞ்சிய பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை உருவாக்கிய ஸை பேர்கரே பின்னாளில் சொன்னார். கடலில் போன சரக்குத்தான் மிஞ்சியதற்கு விலை வைத்தது. ஹோனஸ் வாக்னர் அட்டையின் கதையும் அப்படித்தான். 1909இல் சிகரெட் பெட்டிகளுடன் வரத் தொடங்கியது. வாக்னர் தன் படத்தைப் போட வேண்டாம் என்று மறுத்ததால் அச்சு நின்றது. இன்று அறுபதளவில்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் பழசெல்லாம் பொன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விலைகளைக் கேள்விப்பட்டு, 1980களின் கடைசியில் அமெரிக்கர்கள் பெட்டி பெட்டியாக அட்டை வாங்கிப் பரணில் போட்டார்கள். கொம்பனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்திய சாமானுக்கு என்ன விலை கிடைக்கும்? அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சில்லறைக் காசுதான்.

அடுத்தது தரம். பேருவளை சீனங்கோட்டையில் மாணிக்கம் வாங்குபவர் சான்றிதழ் கேட்பதுபோல, இங்கும் பீ.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கின்றன. கண்ணுக்கு ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளில் 10 பெற்றது, 9 பெற்றதைவிடப் பல மடங்கு விலை போவதுண்டு. எந்த அட்டைக்கு எத்தனை 10 கொடுத்தோம் என்ற கணக்கையும் பீ.எஸ்.ஏ. வெளியிடுகிறது. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பழைய அட்டைக்கு அந்த எண்ணிக்கை மெதுவாக ஏறும். புதிய அட்டைக்கோ ஆயிரக்கணக்கானோர் அனுப்ப அனுப்ப ஏறிக்கொண்டே போகும். இன்றைய அபூர்வம் நாளை அபூர்வமாக இராது.

பிறகு ஆசை. சிறு வயதில் வாங்க முடியாமல் போனதை, நாற்பது வயதில் கையில் காசு வந்ததும் மனிதன் தேடுகிறான். 1996இல் ஜப்பானில் தொடங்கிய பொகிமொன் அட்டைகளோடு வளர்ந்த பிள்ளைகள் இன்று சம்பளக்காரர்கள். விளையாட்டு வீரருக்குக் காலில் அடிபட்டால் அவரது அட்டை விழும். பிகாச்சுவுக்கு அந்தப் பயமில்லை!

கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்ட சனம் இந்தப் பக்கம் திரும்பியது. வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பீ.எஸ்.ஏ. பெரும்பாலான பிரிவுகளில் அட்டை ஏற்பதையே நிறுத்தியது. அந்த உச்சத்தில் வாங்கிய பலர், அடுத்த வருடமே புதிய அட்டைகளின் விலை சரிந்ததைப் பார்த்தார்கள்.

மருமகனிடம் கணக்கொன்று போட்டுக் காட்டினேன். 100 டொலருக்கு வாங்கிய அட்டை 110க்கு ஏறியதாக வை. இணையச் சந்தையில் விற்றால் கழிவு 13 வீதமளவில் போகும். கையில் வருவது 95 டொலர் 70 சதம். தரம் பார்க்கும் கூலியும் தபால் செலவும் வேறு. கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். வாங்குவானா, மாட்டானா என்று இன்னும் சொல்லவில்லை.