மரத்துக்குள் ஒரு விசிறி: ஊத் முதல் ஃபிளமென்கோ கிதார் வரை

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றும் எஞ்சி நிற்கும் பழைய ஓட்டு வீடுகளுள் நுழைந்து அண்ணாந்து பார்ப்போர், உத்திரமும் கைமரமும் வரிச்சலும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமர்ந்து, ஓட்டின் பாரத்தைச் சுவருக்கு இறக்கிவிடும் முறையைக் காண்பர். மலையடிவாரக் காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்க வேண்டிய அக்கூரையைப் பொறுத்தவரை தச்சரின் கணக்கு ஒன்றே: அது அசையக் கூடாது. ஸ்பெயின் நாட்டின் அந்தலூசியப் பகுதிக்கு உரிய ஃபிளமென்கோ கிதாருக்குள்ளும் இத்தகைய கூரை ஒன்று உண்டு. அதனைச் செய்யும் தச்சருக்கோ கணக்கு இரண்டு. கூரை விழவும் கூடாது. அசையாமல் இருக்கவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளுக்கும் இடையில் அவர் எங்கே கோடு கிழிக்கிறார் என்பதைப் பொறுத்தே அக்கருவியின் குரல் அமைகிறது.

கிதாரின் முகப்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஒப்பானது. தந்திகளின் ஒரு முனை பலகையின்மேல் ஒட்டப்பட்ட கட்டையில் கட்டப்பட்டிருப்பதால், அவ்விழுப்பு கட்டையின் முன்புறத்தை அழுத்தவும் பின்புறத்தைத் தூக்கவும் முனைகிறது. தாங்குவதற்கு எதுவும் இல்லையெனில் இத்துணை மெல்லிய பலகை நாளடைவில் நெளிந்துவிடும். ஆகவே அதன் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

இச்சட்டங்களின் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. சட்டத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பும் இருமடங்காகும். உயரத்தை இருமடங்காக்கினாலோ விறைப்பு எட்டு மடங்காகும். எடை மட்டும் இருமடங்கோடு நின்றுவிடும். மறுபுறம், 5 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டத்தில் அரை மில்லிமீட்டரை இழைத்து நீக்கினால் விறைப்பில் கால்பங்குக்கும் மேல் குறைந்துவிடும். எனவேதான் கைதேர்ந்த தச்சர் பலகையை விரலால் தட்டிக் கேட்டும், இரு கைகளாலும் சற்றே வளைத்துப் பார்த்தும் சிறிது சிறிதாகவே இழைக்கிறார். ஓரிரு இழைப்புகள் மிகுந்தாலும் குரல் மாறிவிடும்.

உயரத்தைப் போலவே சட்டங்கள் செல்லும் திசையும் முதன்மையானது. ஸ்புரூஸ் பலகை இழை ஓடும் திசையில் மிகுந்த விறைப்புடையது. குறுக்கே அதன் விறைப்பு பன்மடங்கு குறைவு. இழைக்குக் குறுக்கே சட்டங்களை ஏணிப்படிபோல் ஒட்டினால் பலகை பல பட்டைகளாகப் பிரிந்து அதிர்கிறது. அரபுலகின் ஊத் இவ்வகையைச் சேர்ந்தது. சட்டங்களை இழையோடு ஏறத்தாழ ஒத்தவாறு, ஒலித்துளைப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி விரித்து ஒட்டினால், பலகையின் கீழ்ப்பகுதி முழுவதும் ஒருசேர எழுந்து தாழ இயல்கிறது. ஸ்பானியக் கிதார் இவ்வகை. நம் பனையோலை விசிறியின் மடிப்புகள் காம்பிலிருந்து விரிவதை நினைவுகூர்ந்தால் இவ்வமைப்பு மனக்கண்ணில் தோன்றும்.

ஊதின் மரபு மிகப் பழமையானது. 9ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்-கிந்தி அதன் அளவுகளை எழுதிவைத்தார். 10ஆம் நூற்றாண்டில் பஸராவில் தோன்றிய இக்வானுஸ் ஸஃபா குழுவினரின் நிருபங்கள், உடலின் நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காகவும், ஆழம் அகலத்தில் பாதியாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தன. முகப்பலகை மெல்லியதாய், உறுதியாய், இலேசாய், தட்டினால் ஒலிப்பதாய் இருக்க வேண்டும் என்றும் கூறின. உறுதியும் இலேசும் ஒருங்கே வேண்டும் என்னும் அந்தப் பழைய நிபந்தனையே இன்றைய கிதார் தச்சரின் நிபந்தனையும் ஆகும்.

கி.பி. 822இல் குர்துபாவுக்கு வந்த இசைவாணர் ஸிர்யாபைப் பற்றி அல்-மக்கரீ தரும் செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் அவையில் ஆசிரியரின் ஊதை வாசிக்க மறுத்த ஸிர்யாப், தம் கருவி அளவிலும் மரத்திலும் அதனை ஒத்ததே எனினும் எடையில் வேறுபட்டது என்று விளக்கினாராம். அல்-மக்கரீ 17ஆம் நூற்றாண்டினர் என்பதால் இதனை வரலாறு என்று அப்படியே கொள்ள இயலாது. ஆயினும், ஒரே வடிவமும் ஒரே மரமும் கொண்ட இரு கருவிகள் கைவேலையால் வெவ்வேறு குரல் பெறும் என்ற அறிவு அம்மரபில் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இனி, விசிறி அமைப்பின் வரலாற்றுக்கு வருவோம். அது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவில், காடிஸ் ஆகிய தென் ஸ்பெயின் நகரங்களின் கிதார்களில் தோன்றி வளர்ந்தது. அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) அதற்கு முழுமை தந்தார். உடலைப் பெரிதாக்கி, முகப்பலகையை மெலிதாக்கிச் சற்றே குவித்து, ஏழு சட்டங்களை விசிறியாய் விரித்து, அவற்றின் கீழ்முனையை இரு சாய்சட்டங்களால் அடைத்தார். கிதாரின் குரல் முகப்பலகையிலேயே பிறக்கிறது என்று காட்டுவதற்காக, 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்த ஒரு கிதாரை அவர் உருவாக்கினார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஃபிளமென்கோவின் தேவை தனித்தன்மை உடையது. அங்கே கிதார் பாடகரின் குரலுக்கும், ஆடுவோரின் காலடி முழக்கத்துக்கும், கைத்தாளத்துக்கும் நடுவில் ஒலிக்க வேண்டும். நம் வீணையில் ஒருமுறை மீட்டிய நாதம் கமகத்துக்கு இடந்தந்து நீண்டு நிற்பது சிறப்பு. ஃபிளமென்கோவிலோ ஒவ்வொரு சுரமும் சட்டென்று வெடித்து, அடுத்ததற்கு வழிவிட்டு அடங்குவதே சிறப்பு. விரல் தந்திக்குத் தரும் ஆற்றல் ஓர் அளவுடையது. கனத்த பலகை அதனைச் சிறிது சிறிதாய்ச் செலவிடும்; நாதம் நீளும். இலேசான, எளிதில் வளையும் பலகை அதனை விரைவாய்க் காற்றில் கொட்டிவிடும். ஒலி உடனே எழுந்து விரைவில் மறையும்.

ஆகவே ஃபிளமென்கோ கிதார் செய்வோர் பலகையை மேலும் மெலிதாக்குவர். சட்டங்களின் உயரத்தைக் குறைப்பர். ஏழுக்குப் பதில் ஐந்து சட்டங்களே போதும் என்போரும், கீழ்முனையின் அடைப்புச் சட்டங்களை விலக்கி அவ்விடத்தைத் தளர்வாய் விடுவோரும் உளர். சட்டங்களின் எண்ணிக்கை மட்டும் குரலைத் தீர்மானித்துவிடுவதில்லை. இலேசான சைப்ரஸ் மர உடலும், ஆழம் குறைந்த பக்கங்களும், பலகைக்கு அருகில் தாழ்ந்தோடும் தந்திகளும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. மாட்ரிட் நகரில் மானுவேல் ராமிரெஸின் பட்டறையில் பணியாற்றிய சாந்தோஸ் ஹெர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தெஸோ ஆகியோர் செவ்வியல் கிதாரும் செய்தனர். ஃபிளமென்கோ கிதாரும் செய்தனர். ஒரே கை, ஒரே கருவிகள். வேறுபட்டது தெரிவு மட்டுமே. அத்தெரிவுக்கு ஒரு விலையும் உண்டு. துணிந்து இழைத்த பலகை ஆண்டுகள் செல்லச் செல்ல நெளியலாம், பிளக்கலாம்.

இவ்விடத்தில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உள்ளது. கிதார் ஊதின் நேர்வாரிசு என்று நம்மிடையே பெருமையோடு கூறுவோர் பலர். அல்-ஊத் என்ற அரபுச் சொல்லே ஐரோப்பாவில் லூட் என்று வழங்கியது உண்மை. கிதார் என்னும் பெயரும் கிரேக்க வேரிலிருந்து அரபு வழியாக ஸ்பெயினை அடைந்தது என்பர். ஆனால் 14ஆம் நூற்றாண்டின் ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ் மூரியக் கிதார், இலத்தீன் கிதார் என இரண்டைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். ஊதின் வயிறு குடம்போல் குவிந்தது. கிதாரின் முதுகோ தட்டையானது. உள்ளே ஊதில் ஏணி, கிதாரில் விசிறி. அவ்விசிறி தோன்றியதோ 1492இல் கர்நாத்தா வீழ்ந்து ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர். ஃபிளமென்கோ இசையை வளர்த்தவர்கள் அந்தலூசியாவின் ஜிப்சிகளும் ஏழை எளியோரும் ஆவர். அவர்களுக்குரிய புகழை நாம் எடுத்துக்கொள்வது முறையன்று.

எனவே வடிவத்தில் உரிமை கோருவதைவிட, அறிவில் உள்ள உறவைக் காண்பதே நேர்மை. பஸராவின் அறிஞர்கள் எழுதிவைத்த நிபந்தனைக்கு அல்மேரியாவின் தச்சர் தமக்கே உரிய விடையைக் கண்டார். ஓட்டுக் கூரையைத் தாங்கும் தச்சர் மரத்தை எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்கிடுகிறார். கிதார் தச்சரோ எவ்வளவு நீக்கலாம் என்று கணக்கிடுகிறார். அவர் அஞ்சி நிறுத்திய இடத்தில் கருவி ஊமையாகிறது. அளவு மீறிய இடத்தில் உடைகிறது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அரை மில்லிமீட்டரில்தான் ஃபிளமென்கோவின் குரல் குடியிருக்கிறது.