சம்பளத்தில் பிடிக்கும் தேவாலய வரி: ஜெர்மனியில் மதம் இன்று எங்கே நிற்கிறது?

ஜெர்மனியில் வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டில் வருமான வரி, ஓய்வூதியப் பிடித்தம், மருத்துவக் காப்பீடு இவற்றோடு இன்னொரு பிடித்தமும் இருக்கும்: தேவாலய வரி. பெரும்பாலும் கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ பதிவானவர்களுக்குத்தான் அந்த இடத்தில் தொகை இருக்கும், மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் காலி. ஐரோப்பாவில் மதம் தேய்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். எதில் தேய்கிறது, எதில் தேயவில்லை என்பதை இந்தப் பிடித்தத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

வருமான வரியாகக் கட்டும் தொகையில் பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். ஆண்டுக்கு 10,000 யூரோ வருமான வரி கட்டுபவரிடம், 9 சதவீத மாநிலத்தில், கூடுதலாக 900 யூரோ பிடிப்பார்கள். பெரும்பாலும் அரசின் வரித்துறையே வசூலித்து, தன் செலவுக்குச் சிறு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருச்சபைகளிடம் ஒப்படைக்கிறது. 1919-ன் வைமார் அரசமைப்பு தந்த இந்த உரிமையை 1949-ல் வந்த அடிப்படைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 2022-ல் இரு திருச்சபைகளுக்கும் சேர்த்துச் சுமார் 1,300 கோடி யூரோ கிடைத்தது.

ஏன் விலகுகிறார்கள்?

பதிவான உறுப்பினர் இந்த வரியை நிறுத்த வேண்டுமானால் சபையிலிருந்தே விலக வேண்டும். பங்குத்தந்தையிடம் சொன்னால் போதாது. மாநிலத்தைப் பொறுத்து நீதிமன்றத்துக்கோ பதிவாளர் அலுவலகத்துக்கோ அடையாள அட்டையோடு போய் எழுதிக் கொடுக்க வேண்டும்; பல இடங்களில் 30 யூரோ அளவில் கட்டணமும் உண்டு. 2022-ல் கத்தோலிக்கச் சபையிலிருந்து மட்டும் 5,20,000-க்கும் மேற்பட்டோர் இப்படி விலகினார்கள். இரு சபைகளின் உறுப்பினர்கள் 2021 முடிவிலேயே மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். 2024 முடிவில் சுமார் 45 சதவீதம்.

பணம் மட்டும் காரணமல்ல. குழந்தைகள்மீதான பாலியல் கொடுமை பற்றிக் கத்தோலிக்க ஆயர்களே ஏற்பாடு செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. 1946 முதல் 2014 வரை 1,670 குருக்கள் உள்ளிட்ட மதப் பணியாளர்கள்மீது குற்றச்சாட்டு இருந்ததையும், 3,677 சிறுவர் சிறுமியர் பாதிக்கப்பட்டதையும் அது ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியது. கொலோன் மறைமாவட்டம் இது தொடர்பான ஓர் அறிக்கையை வெளியிடாமல் நிறுத்திவைத்ததால் மக்கள் கொதித்தார்கள். 2021-ன் தொடக்கத்தில் அந்நகர நீதிமன்றத்தில் விலகுவதற்கான நேர ஒதுக்கீடு கிடைக்கவில்லை. மாதத்துக்கு 1,500 பேர் வரலாம் என்று உயர்த்த வேண்டியதாயிற்று.

விலகினால் என்ன ஆகும்?

2012-ல் கத்தோலிக்க ஆயர்கள் பிறப்பித்த ஆணைப்படி, அச்சபையிலிருந்து விலகியவர் நற்கருணை பெற முடியாது. ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. திருச்சபை முறைப்படி அடக்கமும் மறுக்கப்படலாம். கடவுளை நம்பிக்கொண்டே வரியை மட்டும் மறுப்பவருக்கும் இதே கதிதான்.

தேயாதது எது?

கத்தோலிக்கர்களின் காரிட்டாஸ், புராட்டஸ்டன்ட்களின் டியாகோனி ஆகிய இரு அமைப்புகளிலும் சேர்த்துச் சுமார் 13 லட்சம் பேர் சம்பளம் வாங்குகிறார்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி எனப் பலவும் இவற்றின் பொறுப்பில் நடக்கின்றன. ஆனால் மருத்துவமனைச் செலவு பெரும்பாலும் காப்பீட்டிலிருந்தும், மழலையர் பள்ளிச் செலவு அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் வருகிறது. தேவாலய வரி குருக்கள், பங்குத்தளங்கள், கட்டடங்கள் என்றே பெருமளவு செலவாகிறது.

ஊழியர்கள் விஷயத்தில் சமூகம் சபையை மாற்றியிருக்கிறது. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தாலோ தன்பாலினத்தவரை மணந்தாலோ கத்தோலிக்க நிறுவனத்தில் வேலை பறிபோகலாம் என்ற நிலை இருந்தது. 2022 நவம்பரில் ஆயர்கள் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

புதிய சமயங்கள்

சுமார் 55 லட்சம் முஸ்லிம்கள் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் வரி வசூலிக்க வழிவிடும் சட்ட அந்தஸ்து அவர்களின் பெரும்பாலான அமைப்புகளுக்கு இல்லை. அகமதியா ஜமாஅத்துக்கு 2013-ல் ஹெஸ்ஸே மாநிலம் அதை வழங்கியது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் ஹாம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள்.

ஆக, ஜெர்மனியில் மதம் அழியவில்லை. பிறப்பால் வந்த உறுப்பினர் என்ற கட்டு அவிழ்கிறது. குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பொறுப்பேற்காத எந்தச் சபையையும் வரிச் சட்டம் காப்பாற்றாது. நம்பிக்கையைச் சம்பளப் பிடித்தத்தோடு பிணைத்துவைப்பது நம்பிக்கைக்கே கேடு என்பதே என் கருத்து.

அங்கே வேலைக்குப் போகும் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்ன என்று கேட்டிருந்தால், அது வரிக்கான கேள்வியும்கூட. உண்மையை எழுதுங்கள், அதன் விளைவை அறிந்து எழுதுங்கள்.